வலிப்பு நோய் இருப்பதை மாப்பிள்ளையிடம் எப்போது சொல்வது?

நீலக்குறிஞ்சி (கேள்வி):

வணக்கம். எனக்கு 28 வயது. பிளஸ் டூ தேர்வுக்காக இரவெல்லாம் விழித்துப் படித்த நாள்களில் முதன்முதலாக வலிப்பு வந்தது. அன்றிலிருந்து மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். கடைசியாக வலிப்பு வந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இப்போது ஒரு வரன் வந்து, ஜாதகம் பொருந்தி, பெண் பார்ப்பதும் நல்லபடியாக முடிந்துவிட்டது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்கு முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம். "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்கிறார்கள், நாம் பொய்கூடச் சொல்லவில்லை, சொல்லாமல்தானே இருக்கிறோம்" என்கிறார் அம்மா. செய்தி பரவினால் தங்கைக்கும் வரன் அமையாது என்று அஞ்சுகிறார். முன்பு தரகர் ஒருவரிடம் சொன்னபோது ஒரே வாரத்தில் தெரு முழுவதும் தெரிந்துபோனதால், அந்த அச்சத்தை என்னாலும் தள்ளிவிட முடியவில்லை. சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும் ஒன்றுதானா? சொல்வதென்றால் யாரிடம், எந்தக் கட்டத்தில் சொல்வது?

காவிரிக்கரை:

சகோதரி, நான் சொல்லாமல் திருமணம் செய்துகொண்டவள். விடியற்காலை முகூர்த்தம் என்பதால் முந்தைய இரண்டு இரவுகளும் தூக்கமில்லை. வீடு நிறைய உறவினர்கள் இருந்தார்கள். யார் கண்ணிலும் படாமல் மாத்திரையை எடுக்க வழியின்றி இரண்டு வேளை தவறிப்போனது. தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பைத் தூண்டும் என்று மருத்துவர் பலமுறை எச்சரித்திருந்தார். மறுவீட்டு விருந்தன்று, பந்தியில் உட்கார்ந்திருந்தபோதே வந்துவிட்டது. ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் பற்களுக்கிடையில் கரண்டியை நுழைத்ததில் ஒரு பல் உடைந்தது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற இவ்வளவையும் என் கணவர் முன்பே அறிந்திருந்தால் அந்தப் பல்லாவது தப்பியிருக்கும். "நோய் வந்ததற்கு நீ என்ன செய்வாய்? உன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லையே" என்று அவர் கேட்டதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. சேர்ந்துதான் வாழ்கிறோம், ஆனாலும் நான் சொல்கிற சின்னச் சின்ன விஷயங்களைக்கூட அவர் நம்பத் தொடங்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நான் அப்போது சாப்பிட்டது சோடியம் வால்புரோயேட். கருவுற்றிருக்கும்போது அதை உட்கொண்டால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு, வலிப்புக்கான மற்றப் பல மருந்துகளைவிட அதிகம். அதற்காகத் தாமாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்து. ஆகவே கருத்தரிப்பதற்கு முன்பே மருந்தை மாற்றுவது பற்றி நரம்பியல் மருத்துவரிடம் பேச வேண்டும், ஃபோலிக் அமிலம் பற்றியும் கேட்க வேண்டும். கணவருக்குத் தெரியாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது?

வழக்காடி:

குடும்பநல வழக்குகளை நடத்துபவன் என்ற முறையில் சட்ட நிலையைச் சொல்கிறேன். வலிப்பு நோய் உள்ளவர்களின் திருமணத்துக்குத் தடையாக இருந்த சொற்கள், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் 1999இல் நீக்கப்பட்டன. எனவே இந்த நோய் இருப்பதனால் மட்டும் உங்கள் திருமணம் செல்லாததாகிவிடாது. ஆயினும், ஒருவரைப் பற்றிய முக்கியமான உண்மையில் மோசடி செய்து மற்றவரின் சம்மதம் பெறப்பட்டிருந்தால், அத்திருமணத்தை ரத்துசெய்யக் கோருவதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. மோசடி தெரியவந்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். நோயைச் சொல்லாதது அத்தகைய மோசடியா என்பது அந்தந்த வழக்கின் விவரங்களைப் பொறுத்தது. வென்றாலும் தோற்றாலும், மருந்துச் சீட்டுகளை நீதிமன்றத்தில் விரித்துவைத்து வாதாடும் நிலை யாருக்கும் வேண்டாம். நேரில் சொன்ன பிறகு, பேசியதைக் குறிப்பிட்டு மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பிவையுங்கள்; "எங்களிடம் சொல்லவே இல்லை" என்று பிற்பாடு யாரும் சொல்ல இடமிருக்காது.

மலைநாடன்:

எனக்கும் இதே நோய்தான். ஜாதகத்தோடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும் என்பாரும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. இந்தச் செய்தி தெரியாமலேயே ஒருவர் தம் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கப் போகிறார் என்றால், அவரிடம் சொல்லாமல் இருப்பது மறைப்பதுதான். தரகர் அப்படிப்பட்டவர் அல்லர். ஜாதகம் கேட்டு வருகிற பத்து வீட்டாரும் அல்லர். மாப்பிள்ளை அப்படிப்பட்டவர். அவரிடம் சொல்ல வேண்டும், அதுவும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே. அலுவலகத்தில் நான் பக்கத்து இருக்கை நண்பரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் விழுந்தால் முதலில் ஓடிவர வேண்டியவர் அவர். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்திலோ வலிப்பு உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். சாலையில் போகிற பிறர் உயிர் அதில் அடங்கியிருப்பதால் அங்கே மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. உங்கள் அம்மாவின் அச்சத்தையும் மாப்பிள்ளையிடமே சொல்லி, வெளியே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலக்குறிஞ்சி:

அனைவருக்கும் நன்றி. காவிரிக்கரை அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பல் உடைந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, வெகுநேரம் பேசாமல் இருந்தார். முதலில் மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்வது, தம் பெற்றோரிடம் அவரே எடுத்துச் சொல்லட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை சந்திக்கிறோம். அவர் விரும்பினால் என்னோடு மருத்துவரிடம் வந்து கேட்கலாம் என்றும் சொல்லப்போகிறேன்.