புதுப்பிப்பு: கண் மஞ்சளான எங்கட குதிரை தேறிவிட்டது

வைகாசியில் கிளிநொச்சியிலிருந்து கேட்டிருந்தேன்: ஒன்பது வயதுப் பெண் குதிரை, காய்ச்சல், தீன் எடுக்காமல் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது, கண்ணும் பல்முரசும் மஞ்சள் என்று. பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி.

"வயிற்றுக்குத்து ஊசியோட நிற்காதேங்கோ, இரத்தத்தில ஜிஜிடி (ஈரல், பித்தக்குழாய் பழுதானால் கூடுற நொதியம்) பாருங்கோ" என்று வவுனியா அண்ணை சொன்னதுதான் சரி. ஜிஜிடி, பிலிருபின் (கண்ணை மஞ்சளாக்கும் பித்த நிறப்பொருள்) இரண்டும் எக்கச்சக்கம். ஸ்கேன் பார்த்த மிருக வைத்தியர், பித்தக்குழாயில் அழற்சி, ஈரலுக்கும் பரவியிருக்கு என்றார். பித்தப்பையில் கல்லோ என்று கேட்டேன். குதிரைக்குப் பித்தப்பையே இல்லையாம்! கல் வந்தால் குழாயில்தான் வரும். இதுக்கு அதுவும் இல்லை.

ட்ரைமெதோப்ரிம்-சல்பா என்ற கிருமிகொல்லி மருந்து 6 கிழமை. நாலாம் நாளே காய்ச்சல் விட்டது, ஆனால் ஜிஜிடி இறங்கும்வரை மருந்தை நிறுத்த அவர் விடவில்லை. புண்ணாக்கை விட்டிட்டுப் புல்லும் தவிடும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை.

எதிர்பாராதது மூக்கு. வெள்ளைத் திட்டு மட்டும் வெயிலில் வெந்து பொருக்கு உரிந்தது. பக்கத்துக் கறுப்புத் தோலில் ஒரு கீறலும் இல்லை. பச்சைப் புல்லிலிருந்து உண்டாகும் ஒரு பொருளைப் பழுதான ஈரல் கழிக்காமல் விட, அது தோலில் தங்கி வெயில் படச் சுடுமாம். இப்ப பகலில் கொட்டில், பொழுதுபட்ட பிறகுதான் குளத்தடி மேய்ச்சல்.