எலியின் கல்லீரலில் கிடைக்கும் சிட்ருலின் எந்த நொதியால் வந்தது?

கேள்வி: கெலுகோர் மாணவி, பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் உயிர்வேதியியல் முதுகலை ஆய்வு செய்து வருகிறேன். எலியின் சிறுமூளை, கல்லீரல், பெருந்தமனி ஆகிய மூன்று திசுக்களில் ஆர்ஜினைனைச் சிட்ருலினாக மாற்றி நைட்ரிக் ஆக்சைடைத் தரும் நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸ் நொதியின் செயல்பாட்டை அளப்பதே என் பணி. திசுவைக் குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைத்து, 1,00,000 g விசையில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீர்மத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதனுடன் டிரிடியம் ஏற்றிய எல்-ஆர்ஜினைனையும் துணைக்காரணிகளையும் சேர்த்து வினையை நடத்தி, இறுதியில் டவெக்ஸ் பிசின் நிரப்பிய குழாய் வழியாக வடிக்கிறேன். நேர்மின்னேற்றம் கொண்ட ஆர்ஜினைன் பிசினில் ஒட்டிக்கொள்ளும்; சிட்ருலின் கீழே இறங்கிவிடும்.

சிறுமூளையில் எல்லாம் எதிர்பார்த்தபடியே வருகிறது. அந்த நொதியைத் தடுக்கும் எல்-நேம் சேர்த்தாலும், அதற்குத் தேவையான கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏ சேர்த்தாலும் கதிரியக்க எண்ணிக்கை சரிந்துவிடுகிறது. ஆனால் நோயற்ற எலியின் கல்லீரலில் எண்ணிக்கை மிக அதிகமாக இருப்பதோடு, எல்-நேம் சேர்த்தும் அசைவதில்லை. பெருந்தமனியிலோ ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. இரண்டுக்கும் காரணம் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: விரிவுரையாளர், கோலாலம்பூர்

அன்புள்ள மாணவிக்கு, கல்லீரலில் நீங்கள் அளப்பது பெரும்பாலும் அம்மோனியாவை யூரியாவாக்கும் யூரியா சுழற்சியின் நொதிகளைத்தான். நோயற்ற கல்லீரலில் தூண்டப்படும் வகை நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸ் இருப்பதில்லை என்றே சொல்லலாம். பாக்டீரிய நச்சோ அழற்சிச் சைட்டோகைன்களோ தூண்டிய பிறகே அது உருவாகிறது. ஆகவே அங்கே பெரிய எண்ணிக்கை வந்தால், மகிழ்வதற்கு முன் ஐயப்பட வேண்டும்.

கல்லீரலில் ஆர்ஜினேஸ் நொதி நிறைந்து கிடக்கிறது. ஆர்ஜினைனைப் பற்றும் நாட்டத்தில் அது நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸை விட மிகவும் பின்தங்கியது. முன்னதற்கு மில்லிமோலார் செறிவு வேண்டும், பின்னதற்குச் சில மைக்ரோமோலாரே போதும். ஆனாலும் ஆர்ஜினேஸின் அளவும் வேகமும் பெரிது என்பதால், நீங்கள் சேர்த்த ஆர்ஜினைனைச் சிறிது நேரத்திலேயே ஆர்னிதினாக மாற்றிவிடும். ஆர்னிதின் பிசினில் தங்கிவிடும் என்பது உண்மையே. ஆனால் அரைக்கும்போது உடைந்த மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசிந்த நொதிகள் அதைச் சிட்ருலினாகவோ குளூட்டமேட்டாகவோ புரோலினாகவோ மாற்றினால், அவை அனைத்தும் பிசினைத் தாண்டி இறங்கிவிடும். டிரிடியம் கார்பன் சங்கிலியில் இருப்பதால் கதிரியக்கமும் கூடவே இறங்கும்.

பலரும் கவனிக்காத இன்னொரு வழியும் உண்டு. யூரியா சுழற்சியின் இன்னொரு நொதியான ஆர்ஜினினோசக்சினேட் லையேஸ் எதிர்த்திசையிலும் இயங்கக்கூடியது. அரைத்த திசுவில் ஃபூமரேட் மீந்திருந்தால், ஆர்ஜினைனோடு அதை இணைத்து ஆர்ஜினினோசக்சினேட்டை உண்டாக்கும். அதுவும் பிசினில் தங்காது, எல்-நேமுக்கும் கட்டுப்படாது. நீங்கள் விவரித்த நடத்தையோடு இது பொருந்துகிறது.

முதலில் தெளிந்த நீர்மத்தை ஒரு சிறிய ஜெல் வடிகட்டிக் குழாயில் செலுத்தி, ஃபூமரேட் போன்ற சிறு மூலக்கூறுகளையும் திசுவின் சொந்த ஆர்ஜினைனையும் அகற்றுங்கள். வினைக்கலவையில் 50 மில்லிமோலார் வேலின் சேர்த்தால் ஆர்ஜினேஸ் அடங்கும். வடிந்தது சிட்ருலின்தானா என்பதை மென்படல வண்ணப்பிரிகை கொண்டு உறுதிசெய்யாமல் கல்லீரல் எண்களை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள். கொதிக்கவைத்த நொதிச் சோதனை மட்டும் இங்கே உதவாது. அது எல்லா நொதிகளையும் ஒருசேர அழித்துவிடுகிறது.

பதில் 2: இரத்தக்குழாய் ஆய்வாளர், ஜோர்ஜ் டவுன்

பெருந்தமனியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே எண்டோதீலியத்தில், அதாவது குழாயின் உட்புறப் படலத்தில், உள்ள எண்டோதீலிய வகை நொதி மிரிஸ்டேட், பால்மிட்டேட் ஆகிய கொழுப்பு அமிலங்களால் சவ்வோடு பிணைக்கப்பட்டது. பெரும்பகுதி கேவியோலா எனும் சிறு குழிகளில் தங்கியிருக்கும். 1,00,000 g சுழற்சிக்குப் பிறகு நீங்கள் கழிக்கும் வண்டலில்தான் அது இருக்கிறது. சிறுமூளையின் நரம்பு வகை பெரிதும் கரையும் பகுதியில் இருப்பதால் அதே முறை அங்கே பலித்தது. வண்டலைச் சாப்ஸ் (CHAPS) சோப்புக் கரைசலில் கரைத்து அளந்து பாருங்கள்.

தமனியை எடுக்கும் விதமும் முக்கியம். எண்டோதீலியம் ஒற்றைச் செல் அடுக்கு. உட்புறத்தை இடுக்கியால் தேய்த்தாலோ வடிதாளில் ஒற்றினாலோ அது உரிந்து போய்விடும். ஃபர்ச்கோட்டும் சவாட்ஸ்கியும் 1980இல் முயலின் பெருந்தமனியில் கண்டறிந்ததும் இதுவே: உட்புறம் தேய்ந்த துண்டு அசிட்டைல்கோலினுக்குத் தளரவில்லை, தேயாத துண்டு தளர்ந்தது. ஒரு வளையத்தைத் தனியே வைத்து அசிட்டைல்கோலின் தளர்வைச் சோதித்துவிட்டு மற்றதை அரைத்தால், எண்டோதீலியம் பிழைத்திருக்கிறதா என்ற கேள்வி எழாது.

பதில் 3: ஆய்வக அலுவலர், கோலாலம்பூர்

விரிவுரையாளர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்-நேம் ஒரு மெத்தில் எஸ்டர். திசுவின் எஸ்டரேஸ்கள் அதை நைட்ரோஆர்ஜினைனாக உடைத்த பிறகே அது முழுமையாகத் தடுக்கும். அரைத்த திசுவில் அந்த உடைப்பு எவ்வளவு நடந்தது என்ற ஐயத்துக்கே இடம் தராமல் நைட்ரோஆர்ஜினைனையே நேராகச் சேர்ப்பது நல்லது. நொதியின் துணைக்காரணியான டெட்ராஹைட்ரோபயோப்டெரின் காற்றில் விரைவாக ஆக்சிசனேற்றம் அடையும். நம் ஊர் வெப்பத்தில் மேசைமேல் விட்டுவைக்காமல், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரைத்து, ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் டைதியோத்ரைட்டாலுடன் பனிக்கட்டியில் வையுங்கள். அது குறைந்தால் நொதி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதில் சூப்பராக்சைடைத் தரத் தொடங்கும்.

கெலுகோர் மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. வண்டலைக் கழிக்காமல் இனிச் சேமித்துவைக்கிறேன். இன்னொரு ஐயம்: கோலாலம்பூரில் படிக்கும் தோழி, கதிரியக்கம் இல்லாமல், நைட்ரிக் ஆக்சைடிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டை இளஞ்சிவப்பு நிறமாக்கிக் காட்டும் கிரீஸ் (Griess) முறையில் அளக்கிறார். கல்லீரல் சிக்கலுக்கு அது மாற்றாகுமா?

பதில் 4: விரிவுரையாளர், கோலாலம்பூர்

உங்கள் திசுக்களுக்கு ஆகாது. நச்சூட்டிய மேக்ரோஃபேஜ் செல்களை ஓரிரவு வளர்த்தால் ஊடகத்தில் மைக்ரோமோலார் அளவில் நைட்ரைட்டு சேரும். அதற்கு 540 நானோமீட்டரில் தெரியும் அந்த இளஞ்சிவப்பு நிறம் போதுமானது. சில நிமிடங்கள் நடக்கும் திசு வினையில் அவ்வளவு சேராது. மேலும் நொதிக்குத் தேவையான என்ஏடிபிஎச் அந்த நிறவினையையே குலைக்கும். அதை லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் கொண்டு முதலில் தீர்க்க வேண்டும். உங்கள் தோழி மனித பிளாஸ்மாவை அளப்பவர் என்றால், இரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாளிலிருந்தே தன்னார்வலர்கள் கங்குங், முளைக்கீரை போன்றவற்றைத் தவிர்த்தார்களா என்று அவசியம் கேட்கச் சொல்லுங்கள். கீரையின் நைட்ரேட்டு பிளாஸ்மாவில் ஏறிவிட்டால் நொதியின் பங்கைப் பிரித்தறிய வழியில்லை.