நாவலை முடிக்க வைக்கிற மாதிரி எழுதுற குரூப் எங்கயாவது இருக்கா?

தென்காசி_வாணி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு நாவல் பாதியில நிக்குது. எங்க பக்கம் பீடி சுத்துற பொம்பளைங்களப் பத்தினது. கதை தெரியும், முடிவும் தெரியும், உக்காந்து எழுதத்தான் முடியல. முன்னெல்லாம் நவம்பர் வந்தா நானோரைமோன்னு ஒரே மாசத்துல நாவல் எழுதுற இணைய சவால் ஒண்ணு இருந்துச்சு, மாசத்துக்கு 50,000 வார்த்தை, ஒரு நாளைக்கு 1,667ன்னு கணக்கு, அந்த கிராஃப் ஏறுறதப் பாக்குறதுக்காகவே ராத்திரி முழிச்சிருந்து எழுதுவேன். 1999ல சான் பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேர் விளையாட்டா ஆரம்பிச்சது, உலகம் பூரா பரவி, கடைசில 2025 மார்ச்ல கடைய மூடுறோம்னு சொல்லிட்டாங்க. நடுவுல ஏஐ விஷயத்துல வேற நிறைய பேர் அவங்க மேல கோவமாகி வெளிய போனாங்க, அது தனிக்கதை.

சரி நம்மாளுங்க கூட சேருவோம்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேந்தேன். காலையில பூ போட்ட வணக்கம், மத்தியானம் புத்தக வெளியீட்டு அழைப்பிதழ், ராத்திரி ஒரு கவிதை, அதுக்குக் கீழ வரிசையா கைதட்டுற எமோஜி. இன்னைக்கு யார் யார் எழுதினீங்கன்னு கேட்டேன், குரூப்போட நோக்கம் அது இல்லம்மான்னு அட்மின் தனியா மெசேஜ் போட்டாரு!

எங்க ஆச்சி வீட்டுத் திண்ணையில நாலஞ்சு பேர் மடியில சொளவு வச்சு ஒண்ணா உக்காந்துதான் பீடி சுத்துவாங்க, தனியா உக்காந்தா எண்ணிக்கை ஏறாதும்பாங்க. பேச்சு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும், யாரு பின்தங்குறான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒருத்தரும் வாய விட்டு சொல்ல மாட்டாங்க. எனக்கு அந்த மாதிரி ஒரு இடம் வேணும். இருக்கா?

ஓரமா_ஒருத்தன்:
வாணி, பெரிய குரூப்ல அது நடக்கவே நடக்காது, நூறு பேர் இருக்கற இடத்துல நீங்க எழுதலன்னா யாருக்குத் தெரியப் போகுது. மூணு பேர், மிஞ்சிப் போனா அஞ்சு பேர். நாங்க மதுரைல நாலு பேர் பண்றோம், ராத்திரி பத்து மணிக்குள்ள அன்னைக்கு எவ்வளவு நேரம் எழுதினோம்னு ஒரு மெசேஜ், அவ்வளவுதான். எழுதலன்னா சைபர்னு போடணும், காரணம் சொல்லக்கூடாது. காரணம் சொல்ல விட்டா அதையே நல்லா எழுதுவானுங்க. தொடர்ந்து சைபர் விழுந்தா யாராவது ஒருத்தர் போன் பண்ணி டீ சாப்பிட வாய்யான்னு கூப்பிடுவோம். ஃபைன் கட்ற சிஸ்டமும் வச்சுப் பாத்தோம், காசக் கட்டிட்டு நிம்மதியா தூங்கப் போயிட்டானுங்க.

அப்புறம் அந்த 1,667 கணக்க விட்ருங்க, அது இங்கிலீஷுக்குப் போட்டது. நாம ஒட்டி ஒட்டி ஒரே வார்த்தையா எழுதுறோம், அதே காட்சிக்கு வார்த்தை எண்ணிக்கை கம்மியாத்தான் வரும். எங்க குரூப்ல முதல்ல வார்த்தைக் கணக்குதான் வச்சிருந்தோம், ஒருத்தர் எண்ணிக்கை ஏறணும்னே சேத்து எழுத வேண்டியதையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சு எழுத ஆரம்பிச்சிட்டாரு 😂 அதுக்கப்புறம்தான் நேரக் கணக்குக்கு மாறினோம்.

ஸ்காபரோ_சிவா:
நான் கனடாவில இருக்கிறன். இஞ்ச காலமை எட்டு மணிக்கு ரைட்டர்ஸ் அவர் எண்டு ஒண்டு சூம்ல நடக்கும், லண்டன் ரைட்டர்ஸ் சலோன் எண்ட எழுத்தாளர் அமைப்பு 2020ல கோவிட் நேரம் தொடங்கினது, காசு இல்லை. திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், ஆக்லாந்து எண்டு நாலு இடத்து எட்டு மணிக்கும் நடக்கும். இண்டைக்கு என்ன எழுதப் போறன் எண்டு சாட்ல ஒரு வரி போட்டிட்டு எல்லாரும் மைக்கை நிப்பாட்டிப்போட்டு எழுதத் தொடங்குவினம், முடிவில நடந்ததோ இல்லையோ எண்டு இன்னொரு வரி. ஒருத்தரும் உங்கட எழுத்தை வாசிக்க மாட்டினம், அதுதான் அதில நல்ல விசயம். தமிழில எழுதினாலும் ஆருக்கும் பிரச்சினை இல்லை, நான் தமிழிலதான் எழுதிறன். நவம்பரில நியூயார்க் நேரம் உங்களுக்குப் பின்னேரம் 6:30 ஆகும், லாஸ் ஏஞ்சலஸ் நேரம் இரவு 9:30. வேலைக்குப் போறாக்களுக்கு ரெண்டாவது சரிவரும் எண்டு நினைக்கிறன்.

பழையபேப்பர்:
எல்லாரும் சொல்றது சரிதான், நான் கொஞ்சம் தண்ணி ஊத்துறேன். எழுத உக்கார வைக்கிறதுக்கு ஆள் வேணும், ஒத்துக்கறேன். ஆனா பாதி நாவலக் குடுத்து கருத்து மட்டும் கேட்டுறாதீங்க. பத்து பேர் பத்து விதமா சொல்லுவாங்க, எல்லாரையும் திருப்திப்படுத்தப் போயி பீடி சுத்துற பொம்பளைங்க கதைல ஐடி கம்பெனி மாப்ள வந்து நிப்பான். முழுசா முடிச்சுட்டு, நம்பிக்கையான ரெண்டு பேர்கிட்ட குடுங்க. அவங்க பேசும்போது நீங்க வாயத் திறக்கக்கூடாது, அமெரிக்காவுல கிளாரியன்னு ஒரு எழுத்துப் பட்டறை இருக்கு, அந்த மாதிரி இடங்கள்ல ரொம்ப காலமா இருந்த வழக்கம் இது, எல்லாரும் பேசி முடிச்ச பிறகுதான் எழுதினவர் பேசணும். நம்மூர் கூட்டத்துல முதல் ஆள் ரெண்டு வரி குறை சொன்ன உடனே எழுதினவர் எந்திரிச்சு அரைமணி நேரம் விளக்கம் குடுப்பாரு, அதோட கூட்டம் முடிஞ்சுரும்.

இன்னொண்ணு, ஜனவரி சென்னை புத்தகக் கண்காட்சிய டெட்லைனா வச்சுக்காதீங்க. டிசம்பர்ல பதிப்பாளர் ஆபீஸ்ல போய்ப் பாருங்க, மெய்ப்பு பாக்க ஆள் கிடைக்காம அப்படியே அச்சுக்குப் போற புத்தகம் எத்தனையோ.

மல்லிகா_பக்கங்கள்:
கதை போடுற பிரதிலிபி ஆப் பத்தி யாரும் சொல்லலையே. நான் அங்க தொடர் எழுதுறேன், ஒரு வாரம் தள்ளிப் போனா போதும், அக்கா அடுத்த பாகம் எங்கன்னு வந்து நிப்பாங்க, அத விட வேற என்ன கண்காணிப்பு வேணும் 😀 ஆனா பழையபேப்பர் சார் சொன்ன பிரச்சன அங்க டபுளா இருக்கு. வில்லிய சாகடிங்கன்னு கமெண்ட்ல ஒரே கூப்பாடு, கை அரிக்கும். அதனால பத்து பாகம் முன்னாடியே எழுதி வச்சுட்டுத்தான் போட ஆரம்பிப்பேன்.

தென்காசி_வாணி:
எல்லாருக்கும் நன்றி. தொடர் எனக்கு ஒத்து வராது மல்லிகாக்கா, நான் பின்னாடி போயி முதல் அத்தியாயத்தையே மாத்துற ஆளு. மதுரைக்காரங்க முறையையும் சிவா அண்ணன் சொன்னதையும் சேத்து இப்படிப் பண்ணலாமா: ராத்திரி 9:30க்கு கூகுள் மீட், மைக் ஆஃப், ஒரு மணி நேரம், முடிவுல ஒத்த வரி. யாரும் யாரோடதையும் படிக்கறது இல்ல. நவம்பர் மட்டும், அப்புறம் பாத்துக்கலாம். என்னையும் சேத்து அஞ்சு பேருக்கு மேல வேணாம். வர்றவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க.

ஓரமா_ஒருத்தன்:
நான் வர்றேன். வெள்ளிக்கிழமை மட்டும் நைட் ஷிஃப்ட், அன்னைக்கு என் பேருக்கு சைபர்னு நீங்களே போட்ருங்க.