மின்சாரப் பேருந்து வந்த பிறகு: சென்னைக்காரர்களின் அனுபவங்கள்

பெரம்பூரிலிருந்து:

2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஏறியதும் முதலில் தெரிவது அந்த அமைதிதான். கண்டக்டர் ஸ்டாப் பெயரைச் சாதாரணக் குரலில் சொன்னாலே கடைசி சீட் வரை கேட்கிறது.

ஒருநாள் பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். "முட்டி வலிப்பா. பழைய பஸ்ல படி ஏற முடியாது, ஷேர் ஆட்டோவுலதான் போயிட்டிருந்தேன். இது தரையோட நிக்குது, அதான் பஸ்ஸுக்கே வந்துட்டேன்" என்றார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. டீசல் பஸ்ஸுக்குப் பதில் பேட்டரி பஸ் விட்டால் எவ்வளவு புகை குறையும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறோம். ஆட்டோவையோ டூவீலரையோ விட்டுவிட்டு பஸ்ஸுக்கு வருகிறவர்களை யார் கணக்கில் எடுக்கிறோம்? தாழ்தளமும் அடிக்கடி வரும் பஸ்ஸும்தான் அவர்களைக் கொண்டுவரும். பேட்டரி மட்டும் கொண்டுவராது.

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்ததையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். வீட்டுச் செலவைக் குறைக்கும் திட்டமாகத்தான் அதைப் பேசுகிறோம். அது சுற்றுச்சூழல் திட்டமும்தான். பஸ் பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதே ஒரு நகரத்துக்குப் பெரிய சொத்து. ஒரு வீட்டில் ஸ்கூட்டர் வாங்கிவிட்டால் அப்புறம் அந்த வீட்டைப் பஸ்ஸுக்குத் திரும்ப அழைத்துவருவது லேசில்லை.

தி.நகரிலிருந்து:

பஸ் சரி, ஸ்டாப் வரைக்கும் நடக்க வேண்டாமா? பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகல நடைபாதை திறந்தார்கள். கார் நிறுத்த இடம் போய்விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த ஒரு கடைக்காரர், இப்போது சாயங்காலம் குழந்தைகளோடு நடந்து வருகிற கூட்டத்தைக் காட்டி, "வண்டியில போறவங்க கடையத் தாண்டிப் போயிடுவாங்க, நடக்கிறவங்கதான் நின்னு பாக்கிறாங்க" என்றார்.

போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போக வேண்டும் என்று 2014-லேயே சென்னைக்கு ஒரு கொள்கை வகுத்தார்கள். அதே பாண்டி பஜாரிலிருந்து உள்தெருவுக்குத் திரும்பினால் டிரான்ஸ்பார்மருக்கும் நிறுத்திய பைக்குகளுக்கும் நடுவே ரோட்டில்தான் இறங்கி நடக்கிறோம்.

எண்ணூரிலிருந்து:

மேலே எழுதியதெல்லாம் உண்மை. நானும் அந்தப் பஸ்ஸில் போகிறேன், பிடித்திருக்கிறது. ஆனால் அந்த பேட்டரிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பது எங்கள் ஊரில் தினமும் கண்ணில் படுகிற விஷயம். எங்களைச் சுற்றி நிலக்கரி அனல்மின் நிலையங்கள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீன்பாடு குறைந்த கதையை இங்கே எந்த மீனவர் வீட்டிலும் கேட்கலாம். ஊருக்குள் புகை போகிறது, நல்லது. அதே புகை எங்கள் பக்கம் கூடிவிடக் கூடாது.

டிப்போ பக்கம் ஒரு தொழிலாளியிடம் எப்போது சார்ஜ் போடுகிறீர்கள் என்று கேட்டேன். பெரும்பாலும் ராத்திரியில்தான் என்றார். ராத்திரியில் சூரிய மின்சாரம் கிடையாது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் ராத்திரியிலும் சுற்றும். அந்த மாதங்களில் பஸ்ஸுக்கான யூனிட்டைக் காற்றாலைகளிடமிருந்தே வாங்க ஒப்பந்தம் போடலாம். மற்ற மாதங்களில், மதியம் கூட்டம் குறையும் நேரத்தில் கொஞ்சம் பஸ்களை உள்ளே எடுத்து, வெயில் இருக்கும்போதே சார்ஜ் ஏற்றலாம். பஸ் வாங்கும் டெண்டரிலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள்.