எண்ணெய் விலை விழுந்தப்ப உங்க வீட்ல என்ன ஆச்சு? என்னோடத சொல்றேன், நீங்களும் எழுதுங்க

ஃபிட்டர் அறந்தாங்கி:

நேத்து டீக்கடையில ரெண்டு பசங்க பேசிட்டு இருந்தாங்க, கச்சா எண்ணெய் விலை நல்லா அடிவாங்கணும்டா அப்பத்தான் பெட்ரோல் குறையும்னு. அவங்க மேல எனக்கு கோவம் வரல, பைக்ல டெலிவரி ஓட்டற பசங்க, அவங்க கஷ்டம் அவங்களுக்கு. ஆனா எனக்கு டீ உள்ள எறங்கல. அந்த விலை அடிவாங்கின வருஷம் நான் சவுதியில ஜுபைல்ல ஒரு கேம்ப்ல சம்பளம் இல்லாம கெடந்தவன். அதான் இன்னிக்கு உக்காந்து எழுதறேன்.

நான் பைப் ஃபிட்டர், 2009ல போனேன். 2014 ஜூன்ல ஒரு பீப்பாய் 115 டாலர் வரைக்கும் போச்சு. எங்களுக்கு டாலர் கணக்கெல்லாம் யாரு சொல்லுவா, சைட்டுல ஓவர்டைம் கொட்டுச்சு, வெள்ளிக்கிழமை கூட கூப்ட்டாங்க, அது மட்டும் தெரியும். அந்த நவம்பர்ல வியன்னாவுல ஒபெக் கூட்டம் நடந்துச்சு, எண்ணெய் விக்கற நாடுங்க சேர்ந்து வச்சிருக்கற சங்கம் அது. அமெரிக்காக்காரன் பாறைய உடைச்சு ஷேல் எண்ணெய எடுத்து கொட்டிட்டு இருக்கான், நம்ம கொறைச்சா நம்ம கஸ்டமர அவன் புடிச்சுக்குவான்னு சவுதி உற்பத்திய கொறைக்க ஒத்துக்கல. ஏற்கெனவே விழுந்துட்டு இருந்த விலை அதுக்கப்புறம் இன்னும் விழுந்து 2016 ஜனவரில 28 டாலருக்கும் கீழ போயிருச்சு.

எங்க ஊரு கல்லணைக் கால்வாய் கடைமடை. மேல தண்ணி விட்டா கடைசியா நனையறது எங்க வயலு, மேல அடைச்சா முதல்ல காயறதும் எங்க வயலு. அங்கயும் அதேதான். அரசாங்கம் பெரிய கான்ட்ராக்டருக்கு பில்லு பாஸ் பண்ணல, அவன் சப் கான்ட்ராக்டருக்கு குடுக்கல, சப் கான்ட்ராக்டர் எங்களுக்கு குடுக்கல. 5ஆம் தேதி வர்ற சம்பளம் 20 ஆச்சு, அப்புறம் ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் வந்துச்சு, அப்புறம் சுத்தமா நின்னுருச்சு. மொத்தம் ஏழு மாசம்.

ராத்திரி சாப்ட்டுட்டு ஏழெட்டு பேரு ஏடிஎம் வரைக்கும் நடந்தே போவோம், ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். யாராவது ஒருத்தர் கார்டு போட்டா போதும், எல்லாருக்கும் ஒரே கம்பெனிதான. கார்டு போட்டவன் முகத்ததான் எல்லாரும் பாப்போம், அவன் ஒண்ணும் பேசாம கார்ட எடுத்து சட்டைப் பையில வெப்பான், திரும்பி நடப்போம். ஒருநாள் என் கார்டே வேலை செய்யல. இக்காமா, அதாவது அங்க தங்கறதுக்கான அனுமதி அட்டை, முடிஞ்சு போச்சு, கம்பெனி புதுப்பிக்கல, பேங்க்ல அக்கவுன்ட்ட நிறுத்திட்டாங்க. இக்காமா இல்லன்னா ஆஸ்பத்திரி இல்ல, வெளிய போனா போலீஸ் புடிச்சிருவாங்கன்னு பயம், நாட்ட விட்டு வெளிய போற அனுமதி, எக்ஸிட், அத வாங்கி ஊருக்கும் வர முடியாது. தப்பு கம்பெனி மேல, ஒளிஞ்சு நடக்கறது நாங்க.

மெஸ்ஸுல கோழி வாரம் மூணு நாள் போட்டது ஒரு நாளாச்சு, அப்புறம் பருப்பும் குப்பூஸ் ரொட்டியும், அப்புறம் மெஸ்ஸையே மூடிட்டாங்க. 2016 ஜூலை மாசம் கேம்ப் ஜெனரேட்டருக்கு டீசல் வரல. எண்ணெய் எடுக்கற ஊர்ல ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாம, துண்ட நனைச்சு நெஞ்சுல போட்டுட்டு வராண்டாவுல படுத்தோம், பத்து நிமிஷத்துல துண்டு காஞ்சிரும், மறுபடி எந்திரிச்சு நனைக்கணும். பக்கத்துல பக்காலா, அதாவது மளிகைக் கடை, வச்சிருந்த கேரளா மலப்புறத்து காக்கா (அவங்க அண்ணன அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தர் அரிசி, வெங்காயம், பருப்பு கடனா குடுத்தாரு. நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம். அவரு குடுக்கலன்னா நாங்க என்ன ஆயிருப்போம்னு இப்பயும் நெனைப்பேன்.

அந்த ஜூலை கடைசிலதான் ஜித்தா பக்கம் நம்ம ஆளுங்க சாப்பாடு இல்லாம இருக்காங்கன்னு வெளிய தெரிஞ்சு, அப்ப வெளியுறவு மந்திரியா இருந்த சுஷ்மா ஸ்வராஜ் ட்விட்டர்ல போட்டு, தூதரகத்துலேர்ந்து அரிசி பருப்பு குடுத்தாங்க. இணை மந்திரி வி.கே.சிங் நேர்ல வந்தாரு, கம்பெனி கையெழுத்து இல்லாமயே எக்ஸிட் குடுக்க சவுதி அரசாங்கம் ஒத்துக்கிச்சு. நாங்க கிழக்குப் பக்கம், எங்களுக்கு வந்து சேர லேட்டாச்சு. பாக்கி சம்பளம், ஏழு வருஷ சர்வீஸ் காசு எல்லாத்தையும் தூதரகம் வாங்கித் தரட்டும்னு பவர் பத்திரம் எழுதிக் குடுத்துட்டு அக்டோபர்ல கிளம்புனேன்.

திருச்சி ஏர்போர்ட்ல எல்லாரும் பெட்டி வர்ற பெல்ட்டுக்கிட்ட நின்னாங்க. எனக்கு பெட்டி இல்ல. தோள்ல ஒரு பேக்கு, நேரா வெளிய வந்துட்டேன். முதல் ஆளா வந்ததப் பாத்து என் சின்னப் பொண்ணு ஓடி வந்துச்சு. பெட்டி எங்கன்னு அது கேக்கல, வீட்ல சொல்லி கூட்டிட்டு வந்திருக்காங்க. அது கேட்ருந்தா கூட தாங்கிருப்பேன்.

நாமக்கல் லாரி:

அண்ணே படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நான் டாரஸ் லாரி ஓனர் கம் டிரைவர். அந்தப் பசங்க டீக்கடையில சொன்னத அன்னிக்கு நானும் சொல்லிட்டு இருந்தவன்தாண்ணே, அதனால எழுதறேன்.

2014ல சென்னையில 70க்கு மேல வித்த பெட்ரோல் 2016 ஜனவரில 60 கிட்டதான் வந்து நின்னுச்சு. கச்சா எண்ணெய் நாலுல ஒரு பங்கா ஆயிருச்சு, பங்க்ல குறைஞ்சது பத்துப் பதினஞ்சு ரூபா. மீதி எங்க போச்சுன்னா, 2014 நவம்பர்லேர்ந்து 2016 ஜனவரிக்குள்ள சென்ட்ரல்ல கலால் வரிய ஒன்பது தடவை ஏத்துனாங்க, பெட்ரோலுக்கு 11 ரூபா 77 பைசா, டீசலுக்கு 13 ரூபா 47 பைசா. நான் நாமக்கல்லேர்ந்து மும்பை ஓடுனா கொறைஞ்சது 300 லிட்டர் டீசல் அடிக்கணும். ஏத்துன வரி மட்டும் ஒரு டிரிப்புக்கு 4,000 ரூபா, ஒன் வேக்கு. அரசாங்கத்துக்கும் காசு வேணும், ரோடு போடணும், எல்லாம் சரி, ஆனா விலை ஏறும்போது உலக மார்க்கெட்டுன்னு சொல்லி ஏத்துறாங்கல்ல, இறங்கும்போதும் அதே மார்க்கெட்டதான காட்டணும்?

இன்னொரு அடி யாருக்கும் தெரியாது. டிவில கச்சா எண்ணெய் சரிவுன்னு ஓடுன மறுநாளே லோடு பார்ட்டி போன் போடுவாங்க, டீசல்தான் குறைஞ்சிருச்சே வாடகைய கொறைங்கன்னு. டீசல் 2 ரூபா குறைஞ்சா வாடகையில டன்னுக்கு 100 கொறைப்பாங்க, திரும்ப டீசல் ஏறுனா அந்த 100 திரும்பி வராது.

2020 அத விட மோசம். மார்ச்ல உற்பத்திய கொறைக்கறதுல ரஷ்யாவும் சவுதியும் ஒத்துப்போகாம விலை ஒரே நாள்ல கால்வாசி விழுந்துச்சு, ஏப்ரல் 20 அமெரிக்காவுல மைனஸ் 37 டாலர். எண்ணெய எடுத்துட்டு போனா நம்மளுக்கு காசு குடுப்பாங்களாம்னு குரூப்ல எல்லாரும் அனுப்பிட்டு இருந்தாங்க. அது மே மாசம் எண்ணெய எடுத்துக்கறேன்னு முன்கூட்டியே போட்ட கான்ட்ராக்ட், வாங்குனவன் கொட்டி வைக்க டேங்க் இல்லாம தள்ளி விட்டது, பங்க்ல வர்ற எண்ணெய் இல்ல. அப்ப ஊரடங்குல என் வண்டி கர்நாடகா பார்டர்ல நிக்குது, மாசத் தவணை மட்டும் நிக்கல. மே மாசம் முதல் வாரம் தமிழ்நாட்டுல வாட் மாத்தி பெட்ரோலுக்கு 3.25, டீசலுக்கு 2.50 ஏறுச்சு. ரெண்டு நாள்ல சென்ட்ரல்ல பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 வரி போட்டாங்க. இது பங்க்ல தெரியல, ஏன்னா கம்பெனிக்கு குறைஞ்ச விலையில அத கழிச்சுக்கிட்டாங்க. ஜூன் 7லேர்ந்து தினமும் 50 பைசா 60 பைசான்னு ஏத்த ஆரம்பிச்சாங்க, அந்த மாசமே டெல்லில டீசல் பெட்ரோல தாண்டிருச்சு. எங்கப்பா காலத்துலேர்ந்து லாரி வச்சிருக்கோம், அப்படி ஒண்ண நாங்க பாத்ததே இல்ல.

கீழக்கரை உம்மா:

அண்ணே, எங்க கதையில யாரும் பட்டினி கிடக்கல, அதனால எழுதலாமான்னு யோசிச்சேன். ஆனா எங்க குடும்பம் ரெண்டா பிரிஞ்சது அந்த விலையாலதான்.

வீட்டுக்காரர் தம்மாம்ல ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ், சம்பளம் 4,500 ரியால். நானும் மூணு புள்ளைகளும் அங்கதான் இருந்தோம். எண்ணெய் காசு குறைஞ்சதும் அந்த அரசாங்கம் வேற வழியில காசு தேட ஆரம்பிச்சுச்சு. முதல்ல பெட்ரோல், லிட்டர் 60 ஹலாலா (100 ஹலாலா ஒரு ரியால்) வித்தது 2015 கடைசில 90 ஹலாலா ஆச்சு, அது பரவால்லன்னு இருந்தோம். 2017 ஜூலைலேர்ந்து கூட இருக்கற குடும்பத்துல தலைக்கு மாசம் 100 ரியால் கட்டணும்னுட்டாங்க. அடுத்த வருஷம் 200, அதுக்கடுத்து 300, 2020ல 400. நாங்க நாலு தலை. அதுவும் மாசாமாசம் இல்ல, இக்காமா புதுப்பிக்கும்போது ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டணும். 2018ல 9,600 ரியால், ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல. அந்த ஜனவரிலயே 5 சதவீதம் வாட்டும் வந்துருச்சு, 2020ல அத 15 ஆக்குனாங்க.

நோட்டு எடுத்து வாடகை, ஸ்கூல் ஃபீஸ், இந்தக் கட்டணம் எல்லாம் எழுதி எழுதிப் பாத்தோம். எப்படி எழுதுனாலும் மாசக் கடைசில மைனஸ். ஸ்கூல் லீவுக்கு எல்லாரையும் ஊருக்கு அனுப்பி வச்சாரு, எக்ஸிட் அடிச்சுதான் அனுப்புனாரு, புள்ளைகளுக்கு லீவுக்குப் போறோம்னுதான் சொல்லியிருந்தோம். எங்க பில்டிங்ல எட்டு வீட்ல அஞ்சு வீடு அந்த வருஷம் காலி. மூத்தவளுக்கு தமிழ் பேச வரும், எழுத வராது. எட்டாவதுல சேத்துட்டு ராத்திரி உக்காந்து அ ஆ எழுத வச்சேன். ஒரு பரீட்சையில பேர தமிழ்ல எழுதத் தெரியாம இங்கிலீஷ்ல எழுதிட்டு வந்து அழுதா. கடைக்குட்டிக்கு இன்னிக்கும் வாப்பான்னா போன்ல வர்ற முகம்தான்.

துவாக்குடி 6ஜி:

நான் சிங்கப்பூர். துவாஸ்ல ஒரு யார்டுல ரிக், அதாவது கடல்ல எண்ணெய் தோண்டற மேடை, கட்டற வேலை, சப் கான்ட்ராக்ட்ல வெல்டர். எண்ணெய் விலை படுத்ததும் கடல்ல தோண்ட ஆள் இல்ல, புது ஆர்டர் இல்ல. கட்டி முடிச்ச ரிக்க கூட வாங்க வேண்டியவங்க வந்து எடுக்கல. வெல்டு டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகி பெயின்ட் அடிச்சு அப்படியே நிக்கும், ராத்திரி லைட்டு எரியும், லாரி பின்னால உக்காந்து தங்கற டோர்முக்குப் போகும்போது பாப்போம். என் கைவேலையும் அதுல இருக்கு.

முதல்ல ஓவர்டைம் (ஓடி) கட். பேசிக் ஒரு நாளைக்கு 18 சிங்கப்பூர் வெள்ளிதான், ஓடி இல்லன்னா சாப்பாட்டுக் காசு போக ஒண்ணும் நிக்காது. அப்புறம் பெர்மிட் ரினியூ பண்ணல, 2016 மார்ச்ல டிக்கெட் குடுத்துட்டாங்க. சம்பள பாக்கி வைக்கல, அத சொல்லணும். ஆனா ஏஜென்டுக்கு கட்டுன ரெண்டரை லட்சத்துல பாதி கூட நான் எடுக்கல, அம்மா வளையல் அடகுக் கடையிலயே போயிருச்சு.

ஃபிட்டர் அண்ணே உங்க பாக்கி காசு வந்துச்சா?

ஃபிட்டர் அறந்தாங்கி:

வரல தம்பி. ரெண்டு தடவை தூதரகத்துலேர்ந்து விவரம் கேட்டு போன் வந்துச்சு, என்கிட்ட கான்ட்ராக்ட் காப்பி இல்ல, சம்பள சிலிப்பு மூணுதான் இருந்துச்சு. கூட இருந்த ரெண்டு பேரு எல்லா பேப்பரையும் பத்திரமா வச்சிருந்தாங்க, அவங்களுக்கு கொஞ்சம் வந்துச்சு. அதனால இப்ப வெளிநாட்டுல இருக்கறவங்க கான்ட்ராக்ட், இக்காமா, மாசாமாசம் சிலிப்பு எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டு போனுக்கு அனுப்பிருங்க. சம்பளம் ரெண்டு மாசம் நின்னாலே வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு மத்திய அரசு வச்சிருக்கற மதாத் போர்ட்டல்ல புகார் போடுங்க, ஏழு மாசம் காத்திருக்காதீங்க. நாங்க அடுத்த மாசம் வந்துரும்னு நம்பி உக்காந்துட்டோம்.

கீழக்கரை தங்கச்சி, பட்டினி கிடந்தாத்தான் எழுதணும்னு இல்லம்மா. உங்க பொண்ணு இப்ப தமிழ் எழுதுதா?

இன்னொண்ணு, பக்காலா காக்காவுக்கு நான் 340 ரியால் பாக்கி வச்சிட்டு வந்தேன். சொல்லிட்டுக் கூட வர முடியல, பஸ்ஸு திடீர்னு வந்துருச்சு. 2018ல எங்க பக்கத்து ஊர் பையன் ஒருத்தன் ஜுபைல் போனான், அவன்கிட்ட சொல்லி குடுக்கச் சொன்னேன். மறுநாள் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்புனான். அந்த நோட்டுல என் பக்கம், மலையாளத்துல அரிசி வெங்காயம்னு வரி வரியா எழுதியிருக்கு, குறுக்க ஒரு கோடு. தேதிய பாத்தேன், நான் கிளம்புன அன்னிக்கே அவரு அடிச்சு வச்சிருக்காரு.