கருணைக்கு உதவித்தொகை கொடுக்கலாமா?

கேள்வி: வைகைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 1998இல் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் நாங்கள். சென்ற ஆண்டு மீண்டும் கூடியபோது மூன்று இலட்சம் ரூபாய் திரட்டி, பள்ளிக்காக வங்கியில் வைப்புநிதியாகப் போட்டோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 ரூபாய் வட்டி வரும். பொதுத்தேர்வில் முதல் மதிப்பெண் பெறுபவருக்கு அதைக் கொடுத்துவிடலாம் என்பது பலரின் விருப்பம்.

எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஒன்பதாம் வகுப்பில் என் கால் முறிந்தபோது, இரண்டு மாதம் என் புத்தகப்பையையும் சேர்த்துச் சுமந்து, இடைவேளைதோறும் கைத்தாங்கலாக என்னைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்ற நண்பன் ஒருவன் இருந்தான். ஆண்டு விழா மேடையில் அவன் பெயர் ஒருமுறைகூட ஒலித்ததில்லை. பத்தாம் வகுப்பில் தேறாமல் படிப்பையே விட்டுவிட்டான். அவனைப் போன்ற பிள்ளைகளைத் தேடிப் பிடித்து உதவித்தொகை கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. ஆனால், இரக்கத்தை எந்த அளவுகோலால் அளப்பது? பணம் கிடைக்கும் என்று தெரிந்தால் பிள்ளைகள் நடிக்கக் கற்றுக்கொள்ள மாட்டார்களா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியை

வணக்கம் தம்பி. முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவள் நான். அதில் பெரும்பகுதி இளம் செஞ்சிலுவைச் சங்கப் பொறுப்பாசிரியராகவும் இருந்தேன். உங்கள் அச்சம் நியாயமானது. நாங்கள் ஒரு பள்ளியில் ‘சிறந்த சேவை மாணவர்’ பரிசு வைத்துப் பார்த்தோம். முதல் ஆண்டு வகுப்பில் வாக்கெடுப்பு நடத்தினோம். எல்லோருக்கும் பிடித்த, நன்றாகப் பேசக்கூடிய பையன் வென்றான். அடுத்த ஆண்டு சேவைக்கு ஆதாரம் கேட்டோம்; மரக்கன்று நடும் புகைப்படங்கள் வந்து குவிந்தன. அதே வகுப்பில், காது சரியாகக் கேட்காத தோழிக்காக நாள்தோறும் தன் குறிப்பேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே எழுதிய ஒரு பெண்ணை நாங்கள் எவரும் கவனிக்கவில்லை என்பதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே, ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். செயலுக்குப் பணம் கொடுங்கள். நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து ஒரு பக்க விண்ணப்பம் எழுதட்டும்: யாருடைய துன்பத்தைப் பார்த்தோம், அவரிடம் என்ன கேட்டோம், அவர் என்ன சொன்னார், அதற்கு எவ்வளவு செலவாகும். இவற்றுள் ‘அவர் என்ன சொன்னார்’ என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம். எங்கள் பள்ளியில் சக்கர நாற்காலியில் வந்த ஒரு மாணவனுக்குக் கதைப்புத்தகங்கள் வாங்கித் தர வேண்டும் என்று பிள்ளைகள் மிகுந்த ஆர்வத்தோடு வந்தார்கள். அவனையே கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். கழிப்பறை வாசலில் இருக்கும் இரண்டு படிகளை எடுத்துவிட்டுச் சாய்தளம் போட்டால் போதும், பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டியதில்லை என்று அவன் சொன்னானாம். திரும்பி வந்த பிள்ளைகளின் முகம் மாறியிருந்தது. கொத்தனார் கூலியும் சிமெண்டும் சேர்த்து அப்போது ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆயிற்று.

பதில் 2: நெய்தல்

உளவியல் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு செய்தார்கள். வண்ணப் பேனாக்களால் விருப்பத்தோடு வரைந்துகொண்டிருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு பார்த்தபோது அக்குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. 2008இல் வார்னெக்கன், டொமசெல்லோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது: பிறருக்கு உதவியதற்காகப் பொருள் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றபின் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள், வாய்ப்பாராட்டு மட்டும் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை.

சின்னஞ்சிறு குழந்தைகளிடம் கண்டதைப் பதினாறு வயதினர்மீது அப்படியே பொருத்திவிட முடியாது என்பது உண்மை. ஆயினும், ‘கருணை காட்டினால் ஐயாயிரம்’ என்ற அறிவிப்பு மட்டும் வேண்டாம் என்பேன். ஆசிரியை அம்மா சொல்லும் வழியில் பணம் பிள்ளையின் கைக்குப் போகாமல் வேலைக்குப் போகிறது; எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

பதில் 3: மருதாணி

நான் உதவித்தொகை பெற்றுப் படித்தவள். ஒரு நன்கொடையாளர் குழு எனக்குக் கல்லூரிக் கட்டணம் கொடுத்தது. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் மேடையில் ‘தந்தையை இழந்த ஏழை மாணவி’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, காசோலையின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவர்களும் பிடித்தபடி புகைப்படம் எடுத்தார்கள். கீழே என் வகுப்புத் தோழிகள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று முதல் அவர்கள் என்னிடம் பேசும் தொனி மாறியது.

தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்றவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்பவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதைப் பெற எவரும் தம் வறுமையை மேடையில் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பரிவைக் கற்பிக்க விரும்பும் நீங்கள் கொடுக்கும் முறையைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். ஆகவே ஒரு பகுதியைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்து, கண்ணாடி உடைந்த பிள்ளைக்கும் செருப்பில்லாத பிள்ளைக்கும் ஓசையில்லாமல் செலவிடச் சொல்லுங்கள்.

பதில் 4: கரிசல்மண்

மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். மேடை முழுவதையும் மதிப்பெண்ணுக்கே விட்டுக்கொடுத்தால், இந்தப் பள்ளி எதை மதிக்கிறது என்பதைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். பணம் வேண்டாம், முன்னறிவிப்பும் வேண்டாம். ஆனால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், செய்த வேலையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லலாம், உதவி பெற்ற பிள்ளை சம்மதித்தால் மட்டும். மேலும், பள்ளி மேலாண்மைக் குழுவைக் கலந்துகொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். எந்த வீட்டில் என்ன நிலை என்பது அவர்களுக்குத் தெரியும்.

மீண்டும்: வைகைக்கரையான்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களை எங்கள் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் ஆண்டில் 12,000 ரூபாயைப் பிள்ளைகளின் மூன்று அல்லது நான்கு செயல்களுக்கும், மீதியைத் தலைமையாசிரியர் வழியாக அவசரத் தேவைகளுக்கும் ஒதுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பங்களைப் படிக்கும் மூவரில் ஒருவனாக, என் பையைச் சுமந்த அந்த நண்பனை அழைத்தேன். இப்போது அவன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். முதலில் தயங்கியவன், பிறகு ஒன்று கேட்டான்: “எழுத வராத பிள்ளை வந்து வாயால சொன்னா ஏத்துக்குவீங்களாடா?” ஆசிரியை அம்மா, அந்த ஒரு பக்க விண்ணப்பத்தை வாய்மொழியாகவும் பெறுவதற்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.