கொள்ளைநோய்களின் சமூக ஏற்றத்தாழ்வை எலும்புகள் காட்டுமா?

கேள்வி:
கொள்ளைநோய்க்கு ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். ஆவணங்களில் பெயர்கூடப் பதிவாகாத எளியவர்களின் நிலையை அகழாய்வு வழியே அறிய முடியுமா?

மறுமொழி 1:
முடியும். 1348–1350 காலத்துக் கறுப்புச் சாவு என்ற பிளேக் கொள்ளைநோயில் இறந்தோரைப் புதைத்த லண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு இடுகாடு அதற்குச் சிறந்த சான்று. குழந்தைப் பருவத்தில் பட்டினியோ கடும் நோயோ வாட்டினால் பல்லின் எனாமல் வளர்ச்சி தடைப்பட்டு, குறுக்கே மெல்லிய பள்ளக்கோடு விழுகிறது. பெரியவரான பின்னும் அது மறைவதில்லை. இத்தகைய தடயங்களை உடையவர்களையே கொள்ளைநோய் கூடுதலாகப் பலிகொண்டது என்பதை மானிடவியலாளர் ஷாரன் டெவிட்டின் ஆய்வுகள் காட்டின. நோய் ஊருக்குள் நுழையும் முன்பே, பலருடைய உடலை வறுமை பலவீனப்படுத்தியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி 2:
1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா திடகாத்திரமான இளைஞர்களையும் பாகுபாடின்றிக் கொன்றது என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்திலுள்ள எலும்புகளை ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரை, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள முன்கால் எலும்பில் ஆறாத புண் தடயம் கொண்டவர்களுக்கே ஆபத்து மிகுந்திருந்ததாகக் கண்டது.

மறுமொழி 3:
ஓர் எச்சரிக்கை. எலும்பில் தடயம் பதிய நாளாகும். எனவே நோய் தாக்கியதும் மடிந்தவரின் எலும்பு குறையற்றதாகத் தோன்றலாம், தழும்புள்ளவரோ அதைத் தாங்கிப் பிழைத்தவராக இருக்கலாம். 1992 முதல் விவாதிக்கப்படும் இச்சிக்கலை மனத்திற்கொண்டு, இறந்தோரின் வயதையும் புதைத்த முறையையும் சேர்த்துப் பார்த்த பிறகே வறுமையைப் பற்றிப் பேச வேண்டும்.